எடைக்குப் போன கொலைகள்

மொத்தம் 115 நாவல்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு நாடகம். அந்த நாடகம் பிறந்தபோது ஆசிரியைக்கு எழுதவே தெரியாது. வை.மு.கோதைநாயகி அம்மாள் வாயால் சொல்லிக்கொண்டே போக, தோழி பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். ‘இந்திரமோகனா’ என்ற அந்த நாடகம் 1924இல் அச்சேறியது. அடுத்த வருஷமே ‘வைதேகி’ என்று ஒரு நாவல், கையில் ஒரு மாதப் பத்திரிகை. தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் என்று இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் காட்டுவது இந்த அம்மாளைத்தான்.

“பெண், மர்மம், நம்ம சேலம் நாமக்கல் பக்கம். மூணும் ஒரே கட்டுரையில வந்துடணும்” என்று ஆசிரியர் குழுவில் சொல்லிவிட்டார்கள். கோதைநாயகி சென்னைக்காரர், பிறந்தது 1901 டிசம்பர் 1, வாழ்ந்தது திருவல்லிக்கேணி. இருந்தாலும் அவர் கதை நம்மூர் வரைக்கும் வரத்தான் செய்கிறது. எந்த வழியாக என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிற விஷயம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு வயதில் தாய் போய்விட்டார். ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. கோதைநாயகி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் வாய்த்த கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போகிறவர். பார்த்து வந்ததையும் கேட்டு வைத்ததையும் கலந்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லியே கதை கட்டப் பழகியவர் கோதைநாயகி. மாமனார் வீடோ கம்பராமாயண உரைக்குப் பேர்போன வை.மு. குடும்பம். அந்த வீட்டு மருமகள் கொலை, கடத்தல், மாறுவேடம் என்று கதை சொல்லக் கிளம்பினால் வீட்டுக்குள் எத்தனை புருவம் உயர்ந்திருக்கும் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

வடுவூர் துரைசாமி ஐயங்கார் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மர்ம நாவல் என்றால் அவர்; அதற்கு முன்னால் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு. கோதைநாயகியின் எழுத்துக்கு ஊக்கம் கொடுத்தவர் வடுவூரார். ‘ஜகன்மோகினி’ என்று ஒரு பத்திரிகை நின்றுபோய்க் கிடக்கிறது, எடுத்து நடத்துங்கள் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். 1925இல் அது கோதைநாயகி கைக்கு வந்தது. நாவலைப் பத்திரிகையில் தொடராகப் போடுவது, முடிந்ததும் புத்தகமாகக் கட்டி விற்பது, அந்தக் காசில் அடுத்த இதழ். எழுத்தாளர், ஆசிரியர், முதலாளி எல்லாம் ஒரே ஆள், அதுவும் 24 வயதுப் பெண். ஏறத்தாழ 35 வருஷம் இப்படியே ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் காகிதம் கிடைக்காமல் பத்திரிகைக்காரர்கள் திண்டாடியபோதும் விடவில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அகதா கிறிஸ்டியின் முதல் துப்பறியும் நாவல் வந்தது 1920இல். 1926 டிசம்பரில் அந்த அம்மாளே 11 நாள் காணாமல் போய், நாடே தேடியது. அந்த நேரத்தில் இங்கே ஜகன்மோகினிக்கு இரண்டாவது வருஷம். கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல்கள் 66. கோதைநாயகியின் நாவல்கள் 115. எல்லாமே மர்மம் அல்ல, குடும்பமும் சீர்திருத்தமும் சரிபாதிக்கு மேல் கலந்தவை. ஆனாலும் கிறிஸ்டி எழுதியதில் ஒரு வரிகூடக் காணாமல் போகவில்லை. எந்த ஊர் ரயில் நிலையக் கடையிலும் இன்றைக்கும் புத்தம்புது அட்டையோடு கிடைக்கிறார். கோதைநாயகியை முழு வரிசையாக எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

அவர் நாவல்களில் அந்தக் காலச் சரக்கெல்லாம் உண்டு: திடீர்த் திருப்பம், ஆள்மாறாட்டம், கெட்டவன் விரிக்கும் வலை. ஆண்கள் எழுதியதிலிருந்து அவரைப் பிரித்துக்காட்டுவது, குற்றம் எங்கே முளைக்கிறது என்பதில் அவருக்கு இருந்த தெளிவு. பாலிய விவாகம், வரதட்சணை, விதவைக்கு விதித்த வாழ்வு, குடி என்று வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அவருக்குக் குற்றத்தின் விளைநிலம். உபதேசம் தூக்கல்தான், அத்தியாயத்துக்கு ஒரு பிரசங்கம் வரும், இதெல்லாம் இலக்கியமா என்று கேட்கிற விமர்சகர்கள் அன்றும் உண்டு இன்றும் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். நூறு பெண்களில் ஐந்து பேருக்குக்கூட எழுத்து தெரியாத நாட்டில், அடுத்த மாத இதழ் எப்போது வரும் என்று பெண்களைக் காக்க வைத்தவர் அவர்.

நாமக்கல் கோட்டைப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எண்பதைத் தாண்டியவர், சொன்னதைக் கேளுங்கள். “எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங் கண்ணு. புஸ்தகம் வந்தா மத்தியானச் சோறு முடிஞ்சதும் திண்ணையில உட்கார வச்சு என்னைப் படிக்கச் சொல்லும். மூணாங் கிளாஸ் நான். பக்கத்து வீட்டுக்காரங்களும் வந்துருவாங்க. கொலை வர்ற எடம் வந்துச்சுன்னா மட்டும் ‘நிறுத்து’ன்னு சொல்லி அண்ணனைக் கூப்பிட்டு அவங்கையில குடுத்துரும். நான் உள்ள போயி கதவுக்குப் பின்னாடி நின்னு கேப்பேன்.” ஜகன்மோகினியா என்று கேட்டேன். “அதுவும் வரும்” என்றார். எந்த நாவல் என்று அவருக்கு நினைவில்லை. கொலை நடந்த அறையில் விளக்கு அணைந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கோதைநாயகியின் இன்னொரு பாதியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். காந்தியைச் சந்தித்த பிறகு பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். 1930களின் தொடக்கத்தில் மறியல், கைது, வேலூர்ச் சிறை. சிறைக்குள்ளிருந்தே ‘உத்தமசீலன்’ நாவலை எழுதினார். வெளியே பத்திரிகை நிற்காமல் கணவர் பார்த்துக்கொண்டார். மேடைப் பேச்சு, பாட்டு, சங்கீத மேடைக்கு வரத் தயங்கிய பெண்களுக்கு ஊக்கம். 1956இல் ஒரே மகன் இறந்தார்; அந்த அடியிலிருந்து எழவில்லை. காசநோய் பிடித்து, 1960 பிப்ரவரி 20 அன்று காலமானார். ஜகன்மோகினியும் முடிந்தது.

இனி நம்மூர். வடுவூரார் எழுதிய ‘திகம்பர சாமியா’ரைச் சினிமாவாக எடுத்தது எது தெரியுமா? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், 1950இல். எம்.என்.நம்பியார் பத்துக்கும் மேற்பட்ட வேஷத்தில் வந்து கலக்கினார். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோதான் பிற்பாடு ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று துப்பாக்கியும் தொப்பியுமாகப் படம் எடுத்துத் தள்ளியது. ஏற்காடு சாலையில் போகிறவர்கள் அந்தப் பழைய முகப்பு வளைவைப் பார்க்கலாம். உள்ளே இருந்த ஸ்டுடியோ வீட்டுமனைகளாகிவிட்டது. நாமக்கல் பக்கம் வந்தால், மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய ‘மலைக்கள்ளன்’. கத்தியின்றி ரத்தமின்றி என்று பாடிய கவிஞர் கையிலிருந்து முகமூடித் திருடன் கதை! அது 1954இல் எம்.ஜி.ஆர். படமாகி, ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம் என்று பேர் எடுத்தது.

ஆக, குருவின் கதை சேலத்தில் படமானது. நம் கவிஞர் கதை கோயம்புத்தூரில் படமானது. கோதைநாயகி மட்டும் சளைத்தவரா? ‘ராஜமோகன்’ 1937இலும் ‘அனாதைப் பெண்’ 1938இலும் திரைக்கு வந்துவிட்டன. நாவல் படமாவது தமிழுக்குப் புதிதாக இருந்த காலம் அது. அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து வந்த ‘சித்தி’யும் அவருடைய ‘தயாநிதி’ நாவல்தான். ‘சித்தி’யைப் பார்த்து அழாத வீடு இங்கே உண்டா? அதை எழுதியது யார் என்று அந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

அவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தால் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்து மர்ம நாவல் அட்டைகளில் பெண் பெயருக்குப் பஞ்சமே இல்லை. சுஜாதா: ரங்கராஜன், மனைவியின் பெயர். புஷ்பா தங்கதுரை: ஸ்ரீவேணுகோபாலன். இந்திரா சௌந்தர்ராஜன்: நம்ம சேலத்தில் பிறந்தவர், தாயின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு அமானுஷ்யக் கதைகளில் கொடிகட்டி, 2024 நவம்பரில் மறைந்தவர். மூவரும் எழுத்தில் ஜாம்பவான்கள், அன்போடு வைத்துக்கொண்ட பெயர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அட்டையில் பெண் பெயர், உள்ளே ஆண் என்பது வழக்கமான அதே காலத்தில், நிஜப் பெண்கள் வேறு அலமாரிக்குப் போய்விட்டார்கள். காவிரிக்கரைத் தொட்டியத்தில் பிறந்த டாக்டர் திரிபுரசுந்தரி ‘லட்சுமி’யாகிக் குடும்ப நாவல் எழுதினார், ‘ஒரு காவிரியைப் போல’வுக்கு 1984இல் சாகித்ய அகாதெமி பரிசு. அநுத்தமா, சிவசங்கரி, இந்துமதி, ரமணிசந்திரன் என்று பெரும் வரிசை. யாராவது எப்போதாவது ஒரு கொலைக்கதை எழுதியிருக்கலாம். அதையே தொழிலாக வைத்துக்கொண்ட பெண் என்று ஊருக்குத் தெரிந்த பெயர் ஒன்று வரவில்லை. ராஜேஷ்குமாருக்கு ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்கு சுசீலா, சுபாவுக்கு வைஜெயந்தி என்று கதைக்குள் மட்டும் பெண்கள் துப்பறிந்துகொண்டிருந்தார்கள்.

பெண்களுக்கு ரத்தம் பிடிக்காது, குடும்பக் கதைதான் ஓடும் என்று பதிப்புத் தொழிலில் இருப்பவர்கள் காரணம் சொல்வார்கள். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் மாத நாவல் தொங்கிய கயிற்றுக்குக் கீழே நின்று, ரத்தம் சொட்டுகிற அட்டையைத் தேர்ந்து எடுத்து, பைக்குள் கீரைக்கட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு போன பெண்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மாவே ஒருத்தி.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். கோதைநாயகி நாவல்கள் நம்மூர் வரை வந்த வழி தபால். வந்தவை எங்கே போயின? அதற்குப் பதில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். நோட்டுப் புத்தகம் ஒரு விலை, நியூஸ் பேப்பர் ஒரு விலை, அட்டை ஒரு விலை. ‘பைண்டு பண்ண கதைப் புஸ்தகம்’ என்று தனி விலை கிடையாது, நோட்டோடு சேர்ந்துவிடும். “அட்டையைப் பிச்சுத்தான் போடணுங்க்கா. காலிகோ ஒட்டியிருந்தா மில்லுல எடுக்க மாட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு பைண்டிங்கின் முதுகைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். மைதாப் பசை காய்ந்து உதிர்ந்தது. தையல் மட்டும் விடவில்லை. நூல் அப்படியே நின்றது.

அந்தப் பைண்டிங்கை வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு வார இதழில் 1970களில் வந்த தொடர். வாரா வாரம் பக்கங்களைக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, கோணி ஊசியால் மூன்று துளை போட்டுத் தைத்து, பிறகு பைண்டிங் கடையில் கொடுத்து அட்டை போட்டிருக்கிறார்கள். கதை முடிகிற பக்கத்தின் பின்னால் பாதி தலைவலி மாத்திரை விளம்பரம். இன்னொரு பக்கத்தின் பின்னால் சமையல் குறிப்பு, வெந்தயக் குழம்பு, உப்பு எவ்வளவு என்கிற இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு வாரம் இதழ் கிடைக்கவில்லை போல. நடுவில் ஒரு கோடு போட்ட தாள். விட்டுப்போன அத்தியாயத்தின் கதைச் சுருக்கம் யாரோ கைப்பட எழுதி வைத்திருக்கிறார்கள், யாரைச் சந்தேகப்படலாம் என்பது உட்பட. முதல் பக்கத்தில் நீல மசியில்: ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும். சோப்பு நுரை படாமல் வைத்துக்கொள்ளவும்.’ ராமபாணப் பூச்சி போட்ட துளை ஒன்று, முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம்வரை துப்பாக்கிக் குண்டு மாதிரி நேராகப் போயிருக்கிறது.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். ஒரு காலத்தில் சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று எந்த வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டஜனாவது இருக்கும். தெரு முழுக்கச் சுற்றும். வாடகை நூலகம் வைத்திருந்தவர்கள்கூட இப்படிக் கட்டியதைத்தான் வாங்கி நம்பர் ஒட்டி விட்டார்கள். எந்தப் பதிப்பகமும் புத்தகமாகப் போடாத தொடர்களுக்கு இதுதான் ஒரே பிரதி. பத்திரிகையில் வந்து புத்தகமாகாமலே போனவை எத்தனையோ. அவற்றில் பெண்கள் எழுதிய மர்மக் கதை ஒன்றிரண்டு இல்லாமலா போகும்? அந்தப் பெயரைச் சொல்லும் கடைசிச் சாட்சியை நாம் நோட்டுப் புத்தக விலைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

காகிதமும் நமக்கு அவகாசம் தரப்போவதில்லை. மாத நாவலும் வார இதழும் அச்சானது மரத்தை அப்படியே கூழாக அரைத்துச் செய்த மட்டமான தாளில். மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுத்துப் பழுப்பாகும். தாளிலுள்ள அமிலம் நாரை உள்ளுக்குள்ளேயே அறுக்கும். மடித்தால் ஒடியும். பனையோலை முந்நூறு வருஷம் நிற்கிறது. போர்க் காலத்து ஜகன்மோகினி இதழ் ஒன்று கையில் கிடைத்தால் அதைப் பக்கம் புரட்டவே பயப்பட வேண்டும். காகிதம் செய்கிற ஆலை நம் பள்ளிபாளையத்தில் 1960களிலிருந்து ஓடுகிறது. காகிதத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்கிற இடம் ஒன்றாவது இந்த இரண்டு மாவட்டத்தில் வேண்டாமா?

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாகிவிட்டது, இனி என்ன கவலை என்கிறார்கள் இளைஞர்கள். செய்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடு. ஆனால் கண்ணில் பட்டதைத்தான் ஸ்கேன் செய்ய முடியும். பரணில் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. சட்டப்படி நூலகங்களுக்குப் பிரதி கொடுக்க வேண்டும் என்ற விதி சுதந்திர இந்தியாவில் 1954இல்தான் வந்தது. கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்குள் கோதைநாயகி முப்பது வருஷம் எழுதி முடித்துவிட்டார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர், விளம்பரப் பலகை எழுதுகிறவர், பழைய புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நாடகப் பாட்டுப் புத்தகம் என்று குப்பை என்று பிறர் சொன்னதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். அவர் 1992இல் இறந்தபோது ஒரு லட்சம் உருப்படி அளவுக்கு இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் கைகொடுக்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்றைக்குத் தமிழ் வெகுஜன நாவல் பற்றி ஆராய்ச்சி செய்கிற யாரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. செட்டிநாட்டுக்கு ஒரு முத்தையா கிடைத்தார். கொங்குச் சீமையின் இந்தப் பாதிக்கு ஒருத்தர் கிடைக்காமல் போனாரே என்பதுதான் என் ஆதங்கம். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர், முட்டையை நாடு முழுக்க அனுப்புகிற ஊர், ஜவ்வரிசிக்குச் சந்தையே வைத்து நடத்துகிற ஊர். பழைய புத்தகத்துக்கு ஓர் அறை ஒதுக்க முடியாத ஊர் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் காப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து அறுபது வருஷம் முடிந்தால் எழுத்து பொதுச்சொத்து. கோதைநாயகி இறந்தது 1960. ஆகவே 2021 ஜனவரியிலிருந்து அவர் நாவல்களை யாரும் யாரிடமும் கேட்காமல் அச்சிடலாம். அச்சிட ஆள் இருக்கிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. பழைய கிரைம் நாவல் மறுபதிப்புக்குப் புத்தகச் சந்தையில் கூட்டம் மொய்ப்பதை நானே பார்க்கிறேன். வேண்டியது முழுசாக ஒரு பிரதி. முன்னால் ஒரு பாரமும் பின்னால் ஒரு பாரமும் உதிர்ந்துபோன மர்ம நாவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொலை செய்தவன் யார் என்பதே அந்தக் கடைசிப் பதினாறு பக்கத்தில்தான் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை அண்ணனிடம் கேட்டேன், லோடு ஏற்றுவதற்கு முன்னால் கதைப் புத்தகத்தை மட்டும் தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று. “வச்சிடலாங்க்கா. ஆனா ஆயுத பூஜைக்கு முந்தின வாரமும் போகிக்கு முந்தின வாரமும்தான் வீட்டுச் சரக்கு மொத்தமா வரும். அப்ப எனக்குப் பிரிக்க நேரம் இருக்காது. நீங்களே வந்து உட்காந்து பிரிச்சுக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்லீங்க. எடைக்கு என்ன ஆகுதோ அதைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார்.